கரியும் வரியும்: சங்ககிரிச் சுண்ணாம்பிலிருந்து ஜரியா நிலக்கரிவரை

1963ஆம் ஆண்டு சேலம் மாவட்டம் சங்ககிரி வட்டத்திலுள்ள சின்னகவுண்டனூரில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்க இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்கு மாநில அரசு இருபதாண்டுக் குத்தகை வழங்கியது. ஏறத்தாழ 134 ஏக்கர். அதில் பெரும்பகுதி பட்டா நிலம். வெட்டியெடுத்த கல்லுக்கு நிறுவனம் அரசுக்கு ராயல்டி செலுத்தவேண்டும். அதே வட்டாரத்தில் 1958ஆம் ஆண்டின் கிராம ஊராட்சிச் சட்டமும் நடப்பிலிருந்தது. அதன் 115ஆம் பிரிவு நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு தலவரியாக விதித்தது. 1964இல் அப்பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது: நிலவரி என்பதில் ராயல்டியும் அடங்கும். அதாவது ஒரு ரூபாய் ராயல்டி கட்டினால் ஊராட்சிக்கு 45 காசு.

நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றத்தில் தோற்றது. உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1989 அக்டோபர் 25 அன்று நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ராயல்டி ஒரு வரி, அதன்மீது இன்னொரு வரி விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

ஓர் ஊராட்சியின் தலவரியைப் பற்றிய இவ்வழக்கைச் சட்ட மாணவர்கள் நன்கறிவர். பொருளியல் வரலாற்று மாணவர்கள் இதை அவ்வளவாகப் படிப்பதில்லை என்பது என் எண்ணம். சங்ககிரியில் இத்தீர்ப்பால் ஏற்பட்ட இழப்பு சிறிது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தன்பாத்திலும் தால்ச்சேரிலும் கோர்பாவிலும்தான் நிலம் நடுங்கியது. பிகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் அப்போது நிலக்கரியின்மீது விதித்திருந்த செஸ் யாவும் ராயல்டியை அளவுகோலாகக் கொண்டவை. 1991 ஏப்ரல் 4 அன்று ஒரிசா சிமெண்ட் வழக்கில், சங்ககிரித் தீர்ப்பைச் சான்றாகக் காட்டி, அவை அனைத்தும் செல்லாதவை ஆக்கப்பட்டன. இம்மாநிலங்கள் ஏன் ராயல்டியின் முதுகில் ஏறி வரி விதிக்க நேர்ந்தது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. விடை காண ஜமீன்தார் காலத்துக்குப் போகவேண்டும்.

1793இன் நிலையான நிலவரித் திட்டத்தில் வங்காளம், பிகார் ஜமீன்தார்களுக்கு மேற்பரப்பு நிலத்தோடு அடிநிலக் கனிமமும் சேர்ந்தே கிடைத்ததாகப் பின்னர் நீதிமன்றங்களும் நடைமுறையும் ஏற்றுக்கொண்டன. 1855இல் இருப்புப்பாதை ராணிகஞ்சை எட்டியது; 1890களில் ஜரியாவுக்குள் நுழைந்தது. சுரங்கம் தோண்ட வந்த கம்பெனிகள் ஜரியா அரசருக்கும் பிற ஜமீன்தார்களுக்கும் முன்பணமாக ‘சலாமி’யும் பின்னர் டன் கணக்கில் ராயல்டியும் கொடுத்தன. ஆக, ராயல்டி பிறந்தபோது அது நில உடைமையாளன் பெற்ற விலை. அரசு விதித்த வரி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1880ஆம் ஆண்டின் வங்காள செஸ் சட்டம் சாலைகளுக்கும் பொதுப்பணிகளுக்குமாகச் சுரங்கங்களின் ஆண்டு நிகர இலாபத்தின்மீது செஸ் விதித்தது. 1914இல் ஜரியா நீர்வழங்கல் சட்டம் வந்தது. சுரங்க முதலாளிகளிடமும் ராயல்டி பெறுவோரிடமும் தண்டிய பணத்தில் அப்பகுதிக்குக் குடிநீர் கொண்டுவருவது அதன் ஏற்பாடு. டோப்சாஞ்சி நீர்த்தேக்கம் அவ்வழியில் எழுந்ததே. காலனிய அரசின் கருணையாக இதைப் போற்றவேண்டியதில்லை. காலரா பரவினால் கூலியாள் ஓடிவிடுவான், கரி நின்றுவிடும் என்ற கணக்கு அதில் உண்டு. ஆயினும் கரியிலிருந்து எடுத்த வரியைக் கரி எடுத்த ஊரிலேயே செலவிடும் சட்டக் கட்டமைப்பு ஒன்று 1914இல் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

1950இன் பிகார் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜமீன்தாரை அகற்றியது. அவருடைய இடத்தில் மாநில அரசு அமர்ந்து ராயல்டி பெறத் தொடங்கியது. 1957இல் நாடாளுமன்றம் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தை இயற்றியபோது அந்த ராயல்டியின் வீதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் போய்விட்டது. பெறுபவர் மாநிலம்; எவ்வளவு பெறலாம் என்று சொல்பவர் ஒன்றியம். 1970களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையான பிறகு இது மேலும் விசித்திரமாயிற்று. ராயல்டி செலுத்தவேண்டிய நிறுவனமும் ஒன்றிய அரசினுடையது. குத்தகைதாரரே குத்தகைத் தொகையை எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தஞ்சாவூர்ப் பண்ணைகளில்கூட யாரும் கண்டதில்லை.

1981 பிப்ரவரியில் நிலக்கரி ராயல்டி தரத்துக்கேற்ப டன்னுக்கு இரண்டரை ரூபாய் முதல் ஏழு ரூபாய்வரை என நிர்ணயிக்கப்பட்டது. அது விலையின் விழுக்காடு அன்று. டன்னுக்கு இத்தனை ரூபாய் என்ற நிலைத்த தொகை. அடுத்த பத்தாண்டுகளில் நிலக்கரியின் விலையை ஒன்றிய அரசு பலமுறை உயர்த்தியது. ராயல்டியை 1991 ஆகஸ்டுவரை தொடவில்லை. வளம் மிகுந்த, வருவாய் குன்றிய மாநிலங்களுக்கு எஞ்சியிருந்த ஒரே வழி அந்த 1880ஆம் ஆண்டுச் சட்டம். 1970களிலிருந்தே பிகார் அதைத் திருத்தி, சுரங்க இலாபத்துக்குப் பதிலாக ராயல்டியைச் செஸ்ஸின் அடிப்படையாக்கியிருந்தது. ராயல்டி உயராதபோது செஸ் வீதத்தை உயர்த்தியது. முடிவில் செஸ் ராயல்டியைப்போல் பல மடங்காயிற்று. ஒரிசா தன் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு அதே பாதையில் நடந்தது. இதை மாநிலங்களின் பேராசை என்று எழுதியவர்கள் உண்டு. உறைந்துகிடந்த ராயல்டியைச் செஸ் என்ற பெயரில் அவை தாமே திருத்திக்கொண்டன என்றே நான் வாசிக்கிறேன்.

சங்ககிரித் தீர்ப்பு அவ்வழியை அடைத்தது. அதுவரை தண்டிய பணத்தைத் திருப்பித்தர நேர்ந்தால் கருவூலங்களால் தாங்கமுடியாது என்பதால் 1992இல் நாடாளுமன்றமே பழைய வசூலைச் செல்லுபடியாக்கச் சட்டமியற்றியது. 1991 ஆகஸ்டில் ராயல்டியும் கணிசமாக உயர்த்தப்பட்டது. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. செஸ்ஸை மாநிலச் சட்டமன்றம் விவாதித்து விதித்தது. ராயல்டி தில்லியின் அறிவிக்கையில் வருவது, அடுத்த அறிவிக்கைவரை காத்திருக்கவேண்டியது. 2012இல் அது விலையில் 14 விழுக்காடு என்றானது. அதன்பின் பத்தாண்டுக்கு மேலாகியும் அவ்விழுக்காடு நகரவில்லை.

ஒரு மாநிலம் மட்டும் வேறு முடிவெடுத்தது. மேற்கு வங்கம் தன் தொடக்கக் கல்விச் செஸ்ஸையும் ஊரக வேலைவாய்ப்புச் செஸ்ஸையும் விட்டுக்கொடுக்க மறுத்தது. அவை ராயல்டியை அன்றி நிலக்கரியின் மதிப்பை அளவுகோலாகக் கொண்டவை. அப்படியானால் உயர்த்தப்பட்ட ராயல்டி உனக்கில்லை என்றது ஒன்றியம். விளைவாக, பராக்கர் ஆற்றின் மேற்கே பிகாரில் (2000க்குப் பின் ஜார்க்கண்டில்) புதிய ராயல்டி. கிழக்கே ராணிகஞ்சில் 1981ஆம் ஆண்டின் அதே இரண்டரை முதல் ஏழு ரூபாய், அதோடு மாநிலச் செஸ். ஒரே நிலக்கரிப் படுகையில், ஒரே பொதுத்துறைக் குழுமத்தின்கீழ் இரண்டு வரி முறைகள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஒப்பீட்டுக் களம் எளிதில் அமையாது. மேற்கு வங்கத்தின் செஸ்ஸை 2004 ஜனவரியில் கேசோராம் வழக்கில் ஐவர் அமர்வு 4:1 என்ற கணக்கில் ஏற்றது. அத்தீர்ப்பில் ஒரு வியப்பான பகுதி உண்டு. 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ‘ராயல்டி ஒரு வரி’ என்றிருப்பது எழுத்துப்பிழை, ‘ராயல்டியின்மீதான செஸ் ஒரு வரி’ என்றே இருந்திருக்கவேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். மூன்று மாநிலங்களின் வரி அமைப்பைக் கலைத்த வாக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டிருக்கலாம் என்பது பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. ஏழு பேர் சொன்னதை ஐந்து பேர் திருத்தலாமா என்ற ஐயம் எழுந்து, 2011இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அக்கேள்வி அனுப்பப்பட்டது.

இதுவரை சொன்னது கரி தோண்டும் இடத்தின் கதை. கரி எரியும் இடத்தின் கதை வேறு. அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, மாநிலப் பட்டியலின் 53ஆம் பதிவு, மின்சாரத்தின் ‘நுகர்வு அல்லது விற்பனை’மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகிறது. உற்பத்தி என்ற சொல் அதிலில்லை. தேசிய அனல்மின் கழகம் 1980களில் சிங்ரௌலி, கோர்பா, ராமகுண்டம் ஆகிய சுரங்க முகப்புகளில் பெரிய நிலையங்களை அமைத்தது. சாம்பலும் புகையும் இடம்பெயர்ந்த ஊர்களும் அங்கே தங்கின. மின்சாரம் கம்பி வழியே வெளியேறியது. ஆந்திரமும் மத்தியப் பிரதேசமும் அப்படி வெளியேறும் மின்சாரத்தின்மீது வரி விதிக்க முயன்றன. 2002இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மின்சாரத்தைச் சேமித்துவைக்க இயலாது, உற்பத்தி, விற்பனை, நுகர்வு யாவும் ஒரே கணத்தில் நிகழ்பவை, மாநிலம் கடந்த விற்பனைக்கு உற்பத்தி மாநிலம் வரி போடமுடியாது என்பது தீர்ப்பின் வாதம். ராமகுண்டத்து மின்சாரம் தமிழ்நாட்டுக்கும் கருநாடகத்துக்கும் கேரளத்துக்கும் வருகிறது. வரி விதிக்கும் உரிமையும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது. மகாராட்டிரத்தில் வீட்டு மின்கட்டணத்தின்மீதான தீர்வை 16 விழுக்காடு. அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி கோர்பாவில் விளைந்தது. தீர்வையில் கோர்பாவுக்குப் பங்கில்லை.

நீர்மின்சாரத்தில் இப்படியில்லை. ஒன்றிய அரசின் நீர்மின் திட்டங்களில் திட்டம் அமைந்த மாநிலத்துக்கு 12 விழுக்காடு மின்சாரம் இலவசம். ஆற்றுக்குக் கிடைத்த இழப்பீடு சுரங்கத்துக்குக் கிடைக்கவில்லை. அனல்மின் நிலையத்தின் தாயக மாநிலத்துக்குக் கிடைப்பது, விலைகொடுத்து வாங்கக்கூடிய 10 விழுக்காட்டு முன்னுரிமை ஒதுக்கீடு மட்டுமே.

நுகரும் மாநிலங்கள் மலிவாக அனுபவித்தன என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் பிழை. கிழக்கிந்தியாவின் பின்தங்கலைப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை’யோடு நின்றுவிடுகின்றன. நிலக்கரிக்கும் அக்கொள்கை முழுமையாகப் பொருந்தியதுபோல் எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1950களின் நடுவிலிருந்து முழுமையாகச் சமன்படுத்தப்பட்டவை எஃகும் சிமெண்டும். நிலக்கரிக்கு இருந்தது, தொலைவு கூடக்கூடக் கிலோமீட்டருக்கான வீதம் குறையும் கட்டண முறை. தொலைவிலிருந்தவர் கூடுதலாகத்தான் செலுத்தினார். மேலும் பயணிகள் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்க, சரக்குக் கட்டணத்தை, அதிலும் நிலக்கரிக் கட்டணத்தை, இரயில்வே உயர்த்திவைத்திருக்கிறது. அதன் சரக்கு வருவாயில் ஏறத்தாழப் பாதி நிலக்கரியிலிருந்து வருவது. தால்ச்சேர்க் கரி தூத்துக்குடி வந்து சேரும்போது அதன் விலையில் போக்குவரத்தின் பங்கு பெரிது. அந்தப் பங்குக்குள் ஒரு மறைமுக எரிசக்தி வரி ஒளிந்திருக்கிறது. எந்தச் சட்டமன்றமும் அதை விதிக்கவில்லை; எந்த நிதிக்குழுவும் அதைப் பங்கிடவில்லை. தமிழ்நாட்டு மின்நுகர்வோர் அதைச் செலுத்துகிறார். ஜார்க்கண்டுக்கு அது போவதில்லை.

2010 ஜூலையில் இந்த அடுக்கின்மேல் இன்னொன்று ஏறியது. தூய எரிசக்திச் செஸ், டன்னுக்கு 50 ரூபாய். 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400. செஸ் என்பதால் 270ஆம் பிரிவின்படி மாநிலங்களோடு பகிரவேண்டியதில்லை. 2010 முதல் 2017வரை இதன் வசூல் ஏறத்தாழ 86,440 கோடி ரூபாய். அதில் தேசியத் தூய எரிசக்தி நிதியத்துக்கு மாற்றப்பட்டது ஏறத்தாழ 29,600 கோடி. திட்டங்களுக்கு உண்மையில் சென்றது ஏறத்தாழ 15,900 கோடி. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது இச்செஸ் ஒழிக்கப்பட்டது. அதே 400 ரூபாய், ஜி.எஸ்.டி. இழப்பீட்டுச் செஸ் என்ற புதுப்பெயரில் தொடர்ந்தது. தூய்மைக்கென்று தண்டிய பணம், மாநிலங்களின் வருவாய்க் குறைவை ஈடுகட்டும் பணமாயிற்று. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு வருவாய்க் குறைவு என்பதை வைத்தே அது பங்கிடப்பட்டது. கரி எங்கிருந்து வந்தது என்பது அக்கணக்கில் இடம்பெறவே இல்லை.

இந்த 400 ரூபாயின் வட்டார விளைவைச் சிறிய கணக்கொன்றால் காட்டலாம். அது விலையின்மீது அன்றி எடையின்மீது விழுந்த வரி. இந்திய நிலக்கரியில் பெரும்பகுதி சாம்பல் மிகுந்த, வெப்பமதிப்புக் குறைந்த கரி. டன் 1,000 ரூபாய் விலையுள்ள தாழ்தரக் கரிக்கு 400 என்பது 40 விழுக்காடு. டன் 3,000 ரூபாய் விலையுள்ள கரிக்கு 13 விழுக்காடு. முந்தைய கரிக்கு மாநிலம் பெறும் ராயல்டி 140 ரூபாய்தான். அதாவது தோண்டிய மாநிலத்துக்குக் கிடைப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஒன்றியத்தின் செஸ். ஓர் அலகு மின்சாரத்துக்கு 600 முதல் 700 கிராம் கரி தேவை எனக் கொண்டால், அலகுக்கு 24 முதல் 28 காசு. மின்சாரம் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதால் இவ்வரியை உள்ளீட்டு வரவாகக் கழிக்கவும் வழியில்லை. அது நேரே கட்டணத்தில் கரைந்துவிடும். மலிவான தாழ்தரக் கரியை நம்பிச் சுரங்க வாயிலில் அமைந்த நிலையங்களுக்குச் சுமை விகிதம் கூடுதல். உயர்வெப்பக் கரியைக் கப்பலில் இறக்கும் கடலோர நிலையங்களுக்கு அது குறைவு. சிங்ரௌலியைவிட முந்த்ராவுக்குச் சாதகமான வரி என்று சுருக்கமாகச் சொல்லலாம். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்ததாக நான் நினைக்கவில்லை. டன் கணக்கில் விதிப்பது நிர்வாகத்துக்கு எளிது, அவ்வளவே.

2025 செப்டம்பர் 22 முதல் இழப்பீட்டுச் செஸ் நிலக்கரியிலிருந்து நீக்கப்பட்டு, வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்துள்ளது. அதே 1,000 ரூபாய்க் கரிக்கு முன்பு 450 ரூபாய், இப்போது 180. விலை 3,000 ரூபாயைச் சற்றுத் தாண்டினால்தான் புதிய வரி பழையதைவிடக் கூடும். தாழ்தரக் கரிக்கிருந்த பாதகம் பெருமளவு நீங்கிவிட்டது. ஆனால் ஜி.எஸ்.டி. நுகர்விடத்தைப் பின்தொடரும் வரி. கரி எல்லை கடந்தால் மாநிலப் பங்கும் எல்லை கடக்கும்.

தோண்டுமிடத்தின் பக்கம் 2024 ஜூலை 25 அன்று வேறொரு கதவு திறந்தது. ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8:1 என்ற கணக்கில் சங்ககிரித் தீர்ப்பைக் கவிழ்த்தது. ராயல்டி வரியன்று, குத்தகை கொடுத்தவனுக்குக் குத்தகைதாரன் ஒப்பந்தப்படி தரும் கைம்மாறு. கனிம உரிமைமீதும் கனிமம் பொதிந்த நிலத்தின்மீதும் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. ஜரியா ஜமீன்தார் சலாமி வாங்கியபோது அறிந்திருந்த உண்மையை மீட்டெடுக்க முப்பத்தைந்து ஆண்டுகளாயின.

நீதிபதி நாகரத்னாவின் மாறுபட்ட தீர்ப்பை மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். கனிம மாநிலங்கள் போட்டிபோட்டு வரி விதித்தால் கனிம விலை சீரற்று உயரும், தேசிய அளவிலான கனிம வளர்ச்சி சிதறும் என்பது அவருடைய கவலை. அது எளிதில் தள்ளக்கூடியதன்று. ராயல்டி, மாவட்டக் கனிம அறக்கட்டளைத் தொகை, மாநிலச் செஸ், ஜி.எஸ்.டி., இரயில் கட்டணம் என அடுக்கிக்கொண்டே போனால் இறுதியில் மின்கட்டணம் செலுத்துபவர்தான் அனைத்தையும் சுமப்பார். ஆயினும் விலையைச் சீராக வைத்திருக்கும் பொறுப்பு சுரங்க மாவட்டங்களின்மீது மட்டும் ஏன் விழவேண்டும் என்பதற்கு அத்தீர்ப்பில் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஒன்றியத்தின் செஸ் எட்டு மடங்கானபோது இதே கவலையை யாரும் எழுப்பியதாகவும் நினைவில்லை.

தீர்ப்பு வந்த அவ்வாண்டிலேயே ஜார்க்கண்ட் சட்டமன்றம் கனிமம் பொதிந்த நிலங்கள்மீதான செஸ் சட்டத்தை நிறைவேற்றி, நிலக்கரிக்கு டன்னுக்கு 100 ரூபாய் விதித்தது. முந்தைய காலத்துக்கான வரிக்கோரிக்கைகளை 2005 ஏப்ரல் 1 முதலான காலத்துக்கு மட்டும் எழுப்பலாம், அத்தொகையை 2026 ஏப்ரல் 1 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணைகளில் செலுத்தலாம் என்று 2024 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்தது. மின்கொள்முதல் ஒப்பந்தங்களில் ‘சட்ட மாற்றம்’ என்றொரு விதி வழக்கமாக உண்டு. புதிய வரியால் கூடும் செலவை வாங்குபவரிடம் கோர அது உற்பத்தியாளருக்கு இடமளிக்கிறது. ஜார்க்கண்டின் நூறு ரூபாய் அவ்வழியே எந்தெந்த மாநிலங்களின் மின்பட்டியலில், அலகுக்கு எத்தனை காசாகப் போய்ச் சேர்கிறது என்பதை இனிவரும் ஆண்டுகளின் ஒழுங்குமுறை ஆணைய உத்தரவுகளில் தேடவேண்டும்.